ஆறு கிளாஸும் ஒரு ஜோடி செருப்பும்

எனக்கு வரும் மின்னஞ்சல்களில் நான் பயந்துகொண்டே திறப்பது ஒன்றே ஒன்றைத்தான். கிரீன் கார்டு வக்கீல் அனுப்புவது அல்ல. ஒரு திராட்சைத் தோட்டத்துக் குடும்பம் பருவத்துக்கு ஒருமுறை அனுப்பும் செய்தி மடல். கொடிகளைக் கவாத்து செய்தாயிற்று, இந்த வருடம் பனி தாமதம், புது ஒயின்கள் இன்னின்ன என்று சாதுவாகத்தான் எழுதியிருப்பார்கள். கடைசியில் என்ன படம் இருக்குமோ என்பதுதான் பயம்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மகள் இனியாவுக்கு நான்கு வயது. டேகேரில் வாயே திறக்க மாட்டாள். (வீட்டில் திறந்தால் மூட மாட்டாள், அது வேறு விஷயம்.) டீச்சர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் இணையத்தில் ஒரு புது வியாதியைக் கண்டுபிடிப்பேன். அவளோடு கைகோத்துத் திரிந்த ஒரே ஜீவன் கிளாரா. கிளாராவின் அம்மா மேகன்தான் அந்தத் தோட்டத்துக்காரி. அக்டோபரில், புது ஒயின் வெளியிடும் நாளுக்கு எங்களை அழைத்திருந்தாள். ஏதாவது சொதப்பி, குழந்தைக்கு இருக்கும் ஒரே சிநேகத்தையும் கெடுத்துவிடுவேனோ? எங்கள் ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து போகும் வழியெல்லாம் அதே கவலை.

"குடிக்கலன்னா தப்பா நினைப்பாங்களா பிரபு?"

"சும்மா டேஸ்ட் பண்ணு ரம்யா, எக்ஸாமா எழுதப் போற? நான் டிரைவ் பண்ணணும், என்னை விட்டுடு" என்ற என் கணவன், குழந்தைகளோடு வைக்கோல் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

மேகன் ஆறு கிளாஸ்களை வரிசையாக வைத்து ஊற்றினாள். பக்கத்தில் ஒரு வாளி. மற்றவர்கள் ஒரு வாய் சுவைத்துவிட்டு மிச்சத்தை அதில் கொட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருத்தி வருடம் முழுக்க உழைத்துச் செய்ததை அவள் கண்ணெதிரே கொட்டுவதா? நான் சொட்டு மிச்சம் வைக்கவில்லை. போதாததற்கு, அடுத்தவர் வீட்டு கிளாஸை எச்சில் பண்ணக் கூடாதென்று அண்ணாந்து வேறு ஊற்றிக்கொண்டேன். மேகனின் முகம் மலர்ந்தது. காலியான கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். (பந்தியில் இலையை மூடத் தெரியாதவளின் கதிதான்.)

ஐந்தாவது கிளாஸில் வெயில் தேன் நிறமானது. ஆறாவதில், என் கவலை என்னிடமிருந்து கழன்று மஞ்சள் இலைகளுக்கு மேல் மிதந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். டாட்டாகூடக் காட்டினேன். பறவைகள் பழத்தைக் கொத்தாமலிருக்கக் கொடிகளின் மேல் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். காற்றில் அது மெல்ல உப்பியது, மெல்ல அடங்கியது. எனக்காக யாரோ கொசுவலை கட்டியிருக்கிறார்கள், எவ்வளவு நல்ல மனிதர்கள்! செருப்பை ஜோடியாக வெளியே விட்டேன். வலையைத் தூக்கி உள்ளே நுழைந்து, கொசு வராதபடி ஓரங்களைப் பொறுப்பாகச் செருகிக்கொண்டு படுத்தேன். தலைக்கு மேல் குலைகள் அசைந்தன. மண் தூளி போல ஆடியது.

விழித்தபோது வலைக்கு வெளியே இருபது முகங்கள். நடுவில், என் செருப்பைக் கையில் பிடித்தபடி இனியா. வெளி மனிதர் முன் முணுமுணுக்கக்கூடச் செய்யாத என் மகள், தோட்டமே அதிரக் கத்தினாள்:

"எவ்ரிபடி! ஐ ஃபவுண்ட் மை அம்மா! ஷீ இஸ் ஸ்லீப்பிங் வித் த கிரேப்ஸ்!"

பிரபு குனிந்து, "எக்ஸாம் ஈஸியா?" என்றான்.

எல்லாம் முடிந்தது என்று காரில் அழுதுகொண்டே வந்தேன். திங்கட்கிழமை டேகேரிலிருந்து அழைப்பு வந்தது. இனியா எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கதை சொன்னாளாம். கிளாரா தரையில் படுத்து என் குறட்டையை விட்டுக் காட்டினாளாம். இரண்டு பேருக்கும் பெரிய கைதட்டலாம்.

வசந்தகால மடலில் ஒரு புது வெள்ளை ஒயின் வந்தது. லேபிளில் ஒரு திராட்சைக்கொடி. அதனடியில் ஒரு ஜோடி செருப்பு. 'இதை அண்ணாந்தும் குடிக்கலாம்' என்று மேகன் எழுதியிருந்தாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இனியா இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறாள். அதில் கிளாஸ்கள் இப்போது பன்னிரண்டாகிவிட்டன. "ஆறுதான்டி" என்று திருத்துவதோடு சரி. அவளை வாயை மூடு என்று சொல்ல மட்டும் எனக்கு மனம் வருவதில்லை.