பதினொன்று பத்துக்குத் தட்டும் ஆள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கடையும் சௌக்கியம். அங்கே நீங்களும், பேரனும், என்னோடு ஏழு மாதமாகப் பேசாத உங்கள் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

நீங்கள் என் பூட்டுக் கடைக்கு இணையத்தில் விளம்பரம் போட்டுக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. யாராவது பூட்டு திறக்க ஆள் தேடினால் நம் கடை மேலே வரும், அதை விரலால் தட்டினால்தான் நமக்குச் செலவு, பார்த்துவிட்டுச் சும்மா போனால் காசில்லை என்றீர்கள். இப்படி ஒரு நியாயமான வியாபாரமா என்று வியந்துபோய், வருகிறதா பார்க்கலாம் என்று முதல் நாள் நானே தட்டினேன். உங்கள் அத்தை என்னை நம்பாமல் அவள் போனில் தட்டினாள். பக்கத்துக் கடைத் தையற்காரர், "அட, நம்ம கடை!" என்று தட்டிவிட்டு, தன் மச்சானையும் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். பத்து மணிக்குள் அன்றைய பணம் காலி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், நாங்கள் நாலு பேர் கூடி வைத்துக்கொண்டோம்.

பிறகு எல்லோர் கையையும் கட்டிப்போட்டேன். உண்மையான வாடிக்கையாளர்கள் வந்தார்கள். குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கணக்கு வாத்தியார் உள்ளே இருந்தபடியே தேடிக் கூப்பிட்டார். ஒரு அம்மாள் பாட்டில் மூடி திறக்கவில்லை என்று கூப்பிட்டார், போய் அதையும் திறந்து கொடுத்தேன். அதெல்லாம் சரி. என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு ஒரு ஆள்.

நீங்கள் கற்றுக்கொடுத்தபடி, விளம்பரத்தை எத்தனை பேர் எப்போது தட்டினார்கள் என்ற அறிக்கையைத் தினமும் பார்க்கிறேன். தினமும் காலை பதினொன்று பத்துக்கு ஒரு கைபேசியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள். நான் பூட்டைத் திறந்தபடி பேசுவதை நீங்கள் படம் பிடித்துப் போட்டீர்களே, அந்தப் பக்கத்தில் சரியாக இருபது நிமிடம் இருக்கிறார்கள். கூப்பிடுவதில்லை, போய்விடுகிறார்கள். யார்? எதற்கு? தொழில் கற்க வந்த திருடனோ? "திருடன் இப்படி நேரம் தவறாம வருவானா? இது வீட்டு வேலைல இருக்கறவங்க நேரம்ங்க" என்கிறாள் உங்கள் அத்தை. அவளுக்கு என்ன தெரியும்? எதிர்க்கடைப் பூட்டுக்காரனாக இருக்குமோ என்று பதினொரு மணிக்கே அவன் கடையில் போய் உட்கார்ந்து அவன் விரலையே பார்த்தேன். "என்னண்ணே, மோதிரம் ஏதும் காணோமா?" என்றான். அவன் போனைத் தொடவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் அன்றும் பதினொன்று பத்து!

இன்று பொறி வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்த அறிவிப்பை நானே மாற்றி, 'உரிமையாளருக்கு உடல்நலம் சரியில்லை, கடை விடுமுறை' என்று போட்டிருக்கிறேன். திருடனாக இருந்தால் இன்று வருவான். ஷட்டரை இறக்கிவிட்டு, பெரிய திருப்புளியும் கையுமாக உள்ளே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எப்படியானாலும் அந்த ஆளை உடனே தடுத்துவிடுங்கள். தடுக்க வழியுண்டு என்று நீங்களே சொன்னீர்கள்.

உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். புது வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் உங்கள் வாசல் பூட்டைக் கொண்டை ஊசியால் திறந்து காட்டியது என் தவறுதான். ஆனால் அது பூட்டே இல்லை. இதைச் சொல்ல வேண்டாம், முதல் வரி போதும்.

பேரனுக்கு முத்தம். மூவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பூட்டுக்கடை மாமா

பின்குறிப்பு: யாரையும் தடுக்க வேண்டாம். பதினொன்று பதினொன்றுக்குப் போன் வந்தது. "அப்பா, உடம்புக்கு என்னப்பா?" என்று கேட்டாள். நான் பூட்டைத் திறக்கும் படத்தைக் காட்டினால்தான் பேரன் வாயைத் திறக்கிறானாம், ஒரு கிண்ணம் சோறு முடிய இருபது நிமிடமாம். வாசல் பூட்டையும் மாற்றிவிட்டாளாம். தட்டினால் காசு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், சிக்கனக்காரி, நிறுத்திவிடுவாள். பிள்ளை சாப்பிட வேண்டும்.