கட்டணமில்லாத அட்டையும் கிரீம் பன்னும்

மகள் நீச்சல் பயிற்சியிலிருந்து ஆறு பேருந்து நிறுத்தம் நடந்தே வீடு வந்து சேர்ந்த அன்று, கண்ணாடிக்காரர் ஒரு சபதம் எடுத்தார். சபதம் எடுப்பது அவருக்குப் புதிதல்ல. சட்டை மாற்றுகிற மாதிரி எடுப்பார், அதே வேகத்தில் கழற்றியும் போட்டுவிடுவார். ஆனால் ஈரத் தலையும் காலில் கொப்புளமுமாகப் பிள்ளை வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் எடுத்த இந்தச் சபதத்தை அவ்வளவு சுலபமாகக் கழற்ற முடியவில்லை.

"கையில காசு இருந்துச்சுப்பா. பஸ்ல காசே வாங்க மாட்டேங்கிறாங்க. இனிமே அட்டை மட்டும்தானாம்" என்றாள் மகள். பதினாறு வயது. வீட்டில் இன்னும் பாப்பா.

"உனக்கு ஒரு அட்டை வாங்கறேன் பாரு. கண்ட அட்டையும் இல்ல. ஒரு பைசா கட்டணம் இல்லாத அட்டை. என் பிள்ளை காசுல எவனும் கிள்ளிப் பாக்கக்கூடாது!"

"என்னங்க, ஏதோ ஒண்ண வாங்கிக் குடுங்க. நாளைக்கும் அவ நடக்கணுமா?" என்றாள் மனைவி.

"நாளைக்கு நான் கொண்டுபோய் விடறேன். பொடி எழுத்தைப் படிக்காம கையெழுத்துப் போடற ஆளா நான்?"

அந்தப் பெருமையில் நியாயம் இருந்தது. கடைத்தெரு மூலையில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. சுவரில் கண் சோதிக்கிற எழுத்துப் பலகை. முதல் வரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஓர் எழுத்து. கீழே வர வர இளைத்து, கடைசி வரி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "மேல் வரிய விடுங்க, அது எருமைமாட்டுக்கும் தெரியும். கீழ இருந்து வாங்க" என்பார். அதுவே பழகிப்போய் எதையும் கீழிருந்துதான் படிப்பார். யாராவது அழைப்பிதழ் கொடுத்தால் முதலில் அச்சகத்தின் பெயரைப் படிப்பார். யாருக்கு என்ன விசேஷம் என்பதற்கு அவர் வந்து சேர்வதற்குள் கொடுத்தவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

மனைவியின் தொழில் வேறு. கூரியர் அலுவலகத்தில் முன்மேஜை வேலை. ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்து வாங்குகிறவள். எங்கே போட வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். பேனாவைத் திறந்து நீட்டுவாள். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் கை தானாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். இந்த வித்தையைக் கணவர் ஒரு நாளும் கவனித்ததில்லை. வீட்டில் இருக்கிற திறமை யார் கண்ணில் படுகிறது?

பத்து நாள் ஆராய்ச்சி நடந்தது. தினமும் சீக்கிரம் கடையைச் சாத்திவிட்டு மகளை வண்டியில் கூட்டிப் போவார், நீச்சல் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து உருப்பெருக்கியால் விளம்பரத் தாள்களைத் துழாவுவார். கடையிலும் அதே கதைதான். சோதனைக் கருவியில் மோவாயை வைத்துக் காத்திருந்த ஓர் அம்மாள், "டாக்டர், நான் இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே இருக்கணும்?" என்று கேட்டதற்கு, "ஆறு மாசம் உபயோகிக்கலைன்னா அபராதமாம்மா, அநியாயத்தைப் பாத்தீங்களா?" என்றார். அந்த அம்மாள் மோவாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் அட்டைக்கு மாதக் கட்டணம் இல்லை, ஆனால் பணம் போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டணம். இரண்டாவதில் பிள்ளையின் படம் அச்சடித்துத் தருவார்கள். அட்டை தொலைந்தால் புது அட்டைக்கு வாங்குகிற தொகைக்குப் பிள்ளையையே தத்து எடுத்துவிடலாம். மூன்றாவது அட்டையின் நாலாம் பக்கத்து அடியில்தான் கண்ணாடிக்காரர் புதையல் எடுத்தார்.

"கேட்டுக்க. குடும்பத் திட்டம். ஒரு தலைவர், அவருக்குக் கீழ ரெண்டு அட்டை. ஒவ்வொரு அட்டையையும் மாசத்துக்குப் பத்துத் தடவை தேச்சா கட்டணமே கிடையாது. இதை அடியில, கடுகு எழுத்துல ஒளிச்சு வெச்சிருக்கான்!"

"ரெண்டாவது அட்டை யாருக்குங்க?" என்றாள் மனைவி.

"உனக்குத்தான்."

"எனக்கு எதுக்கு? நான் பெட்டியில சாப்பாடு கொண்டுபோறவ. பத்துத் தடவை தேய்க்க எங்க போவேன்? கடைத்தெருவுலயே இருக்கறது நீங்க."

கண்ணாடிக்காரர் மனசுக்குள் ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு பேக்கரிக் கதவு. அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை. இனிப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லி வருஷம் ஒன்று ஆகிறது. ஆனால் கடைக்குப் பக்கத்துக் கடை பேக்கரி. நாலு மணிக்கு அங்கே கிரீம் பன் வெளியே வரும். வாரத்துக்கு இரண்டு தடவை, மிஞ்சிப் போனால் மூன்று, மனிதர் வழுக்கிவிடுவார். வீட்டுக்குத் தெரியாது. இப்போது அவர் வேகமாகப் பெருக்கிப் பார்த்தார். மாதத்துக்குப் பத்துக்கு ஒன்றிரண்டு குறையும். குடும்ப நலனுக்காக அதையும் சாப்பிட்டு ஈடுகட்டலாம்.

"சரி, எனக்கே இருக்கட்டும்" என்று தியாகம் செய்தார். "இன்னொரு விசேஷம். பாப்பா எங்க, என்ன வாங்கினாலும் உடனே தலைவருக்கு மெசேஜ் வந்துடும். வேணாம்னா அட்டை செல்லாதபடி அந்தக் கடையையே நிறுத்தி வைக்கலாம்."

மகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நான் ஒரு ரப்பர் பேண்ட் வாங்கினாக்கூட உங்களுக்குத் தெரியணுமாப்பா?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"பிள்ளைய வேவு பாக்கணுமாங்க?"

"வேவு இல்ல, அக்கறை. தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்? என்னை எடுத்துக்க. என் அட்டையை யார் வேணா பாக்கட்டும். எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

"அப்படியா?" என்றாள் மனைவி.

அந்த 'அப்படியா'வை அவர் கொஞ்சம் கூர்ந்து கேட்டிருக்கலாம். கண்ணைச் சோதிக்கிறவருக்குக் காதைப் பற்றி என்ன தெரியும்?

படிவத்தை மனைவியே நிரப்பினாள். கணவரின் கையெழுத்தைக் கணவராலேயே படிக்க முடியாது என்பதால் அது எப்போதும் அவள் வேலைதான். அவர் தாள்களை வாங்கி, அடியிலிருந்து மேலே, வரி வரியாக உருப்பெருக்கியை நகர்த்தினார். முக்கால் பக்கம் ஏறியதும் எழுத்து பெரிதாகிவிட்டது. இனி எருமைக்கும் தெரியும் என்று நிறுத்திக்கொண்டார். பென்சில் குறி. திறந்த பேனா. கை தானாகப் போய்க் கையெழுத்துப் போட்டது.

"மெசேஜெல்லாம் என் போனுக்கு வரட்டுங்க. கடையில நீங்க போனையே பாக்க மாட்டீங்க. நான் சாயங்காலம் சொல்லிடறேன்."

அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. அதிகாரி என்றால் அறிக்கை வாசிக்க ஓர் ஆள் வேண்டாமா?

அட்டைகள் வந்தன. மகள் பேருந்தில் போய் வர ஆரம்பித்தாள். தினமும் சாயங்காலம் கண்ணாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்து, "இன்னைக்கு என்ன?" என்பார். மனைவி போனைப் பார்த்து வாசிப்பாள்.

"பஸ், ரெண்டு. பென்சில், ஒண்ணு."

"நல்ல பிள்ளை. பேக்கரி அது இதுன்னு எதுவும் இல்லையே?"

"பாப்பா பேக்கரிக்குப் போறதே இல்லைங்க" என்பாள் மனைவி. 'பாப்பா' என்ற சொல் கொஞ்சம் அழுத்தமாக விழும். அதிகாரி தலையை ஆட்டிக்கொள்வார்.

மாதத்தின் கடைசி நாள். ஒன்பது தடவை தேய்த்தாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. நாலு மணிக்குக் கண்ணாடிக்காரர் கடமை உணர்வோடு பேக்கரிப் படி ஏறினார். அட்டையை நீட்டினார். இயந்திரம் கத்தியது. இன்னொரு தடவை நீட்டினார். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தியது. சட்டைப்பையில் போன் சிணுங்கியது. கண்ணாடிக்காரரின் கையில் உறை பிரிக்கப்படாத பன் இருந்ததால், பேக்கரிக்காரரே எட்டிப் போனை எடுத்து உரக்கப் படித்தார்.

"'அன்பான உறுப்பினரே, உங்கள் பாதுகாவலர் இந்தக் கடையை நிறுத்தி வைத்திருக்கிறார். அனுமதி கேட்க இங்கே அழுத்தவும்.' யாரு சார் உங்க பாதுகாவலர்?"

"ஏதோ கோளாறுய்யா."

"பரவாயில்ல, காசாக் குடுங்க சார்."

"காசாக் குடுத்தா தேச்ச கணக்குல வராதேய்யா!"

வரிசையில் பின்னால் பள்ளிச் சீருடையில் நின்ற ஒரு பெண் பரிதாபப்பட்டாள். "அங்கிள், எனக்கும் போன வாரம் இப்படித்தான் ஆச்சு. வீட்டுல சாரி சொல்லிடுங்க, எடுத்துவிட்டுடுவாங்க."

பன்னை வைத்துவிட்டு வந்த கண்ணாடிக்காரர், மனைவி வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஐந்து நிமிட வழியில் ஐம்பது யோசனை. கேட்டால் பேக்கரிக்குப் போனேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் கட்டணம் பிடித்துவிடுவார்கள். கடைசியில் சிக்கனமே ஜெயித்தது.

"அட்டை ஒரு இடத்துல வேலை செய்யலை" என்றார், சுவரைப் பார்த்து.

"எந்த இடத்துல?"

"ஒரு கடையில."

"என்ன கடைங்க?"

"பேனா வாங்கலாம்னு போனேன்."

"கிரீம் வெச்ச பேனாவா?"

கண்ணாடிக்காரர் உதட்டை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். மனைவி போனை எடுத்து, அறிக்கை வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள். "மூணாந்தேதி, நாலு மணி அஞ்சு நிமிஷம், ஒண்ணு. ஆறாந்தேதி, நாலு மணி ரெண்டு நிமிஷம், ஒண்ணு. பதினாலாந்தேதி விலை ரெண்டு மடங்கு."

"அன்னைக்கு மழை."

"மழைக்கும் பன்னுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எனக்கு எப்படி... தலைவர் நான்தானே? என் கணக்கு உனக்கு எப்படி வந்துது?"

அவள் அலமாரியிலிருந்து படிவத்தின் நகலை எடுத்தாள். எதிர்ச் சுவரில் ஒட்டினாள். கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள்.

"இதால இடது கண்ணை மூடிக்கங்க. மேல் வரியைப் படிங்க."

"இது என்ன விளையாட்டு?"

"படிங்க."

மேல் வரி கட்டைவிரல் உயரத்தில் இருந்தது. நிஜமாகவே எருமைமாட்டுக்கும் தெரியும். கண்ணாடிக்காரர் படித்தார். "கண்காணிக்கப்படும் உறுப்பினரின் ஒப்புதல்."

"கீழ யார் கையெழுத்து?"

"என்னுது."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று கரண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "தலைவர் கட்டத்துல இருக்கறது என் பேரு. நீங்கதான சொன்னீங்க, தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்னு?"

அவருக்குக் கோபம் வரத்தான் பார்த்தது. ஆனால் மனைவியின் முகம் மாறிவிட்டிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷமா சர்க்கரை குறையவே இல்லைங்க. மருந்து கேக்கலைன்னு ரெண்டு தடவை மாத்தினாங்க. அடுத்தது ஊசிதான்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு நான் ஆபீஸ்ல பார்சல் மூட்டைக்குப் பின்னால நின்னு அழுதேன். என் சமையல்ல ஏதாவது தப்பான்னு ஒவ்வொண்ணா நிறுத்தினேன். பாப்பாவும் உங்களுக்காக இனிப்பில்லாமத்தான் டீ குடிக்கிறா. நீங்க பக்கத்துக் கடையில பன் சாப்பிட்டுட்டிருக்கீங்க. நீங்களாச் சொல்வீங்கன்னு மாசம் பூரா பாத்துட்டு இன்னைக்குத்தான் அந்தக் கடையை நிறுத்தி வெச்சேன்."

கண்ணாடிக்காரர் குனிந்தார். வெட்கமாக இருந்தது. உண்மையான வெட்கம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"இனிமே தொட மாட்டேன்" என்றார் மெதுவாக. சபதம் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பாப்பா அட்டையாவது ஒழுங்கா இருக்கே. தினமும் பஸ், பென்சில்..." என்றார்.

"அவ மெசேஜை முதல் நாளே நிறுத்திட்டேன். அவளை நம்பறேன்."

"அப்ப நீ தினமும் படிச்சது?"

"நானாச் சொன்னது. முப்பது நாள்ல முப்பது பென்சில். நீச்சல் பழகற பொண்ணுக்கு எதுக்குங்க இத்தனை பென்சில்? நீங்க ஒரு நாள்கூடக் கேக்கலையே!"

வாசல் கதவு திறந்தது. மகள், ஈரத் தலையோடு. அப்பாவின் முகத்தையும் சுவரில் இருந்த படிவத்தையும் கரண்டியையும் பார்த்தாள். அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அப்பாவின் நாற்காலிக் கையில் வந்து உட்கார்ந்து, அவளாகவே சொன்னாள். "இன்னைக்கு பஸ்ஸுக்கு ரெண்டு தடவை தேச்சேன்பா. அப்புறம் கூடப் படிக்கிறவ செருப்பு அறுந்துபோச்சு, தைக்கக் குடுத்தேன். அவ்வளவுதான்."

ஒரு மாதமாக அறிக்கை கேட்டுக் கிடைக்காதது கேட்காமல் கிடைத்தது. கண்ணாடிக்காரர் அவள் ஈரத் தலையில் கை வைத்தார். ஆனால் மனிதரின் உடம்பில் பாசத்துக்குப் பக்கத்து அறையிலேயே சிக்கனம் குடியிருந்தது.

"அதெல்லாம் சரி. இன்னைக்குத்தான் கடைசி நாள். என் அட்டையில ஒன்பதுதான் ஆயிருக்கு. கட்டணம் பிடிச்சுடுவானே?"

"கட்டணம் எவ்வளவுன்னு பாத்தீங்களா?"

அவர் தொகையைச் சொன்னார்.

"ஒரு பன் விலை" என்றாள் மனைவி. "அதை மிச்சம் பிடிக்கப் பத்துப் பன் தின்னிருக்கீங்க."

ஆனாலும் கொள்கை கொள்கைதான். கண்ணாடிக்காரர் செருப்பை மாட்டினார். பின்னாலிருந்து குரல் வந்தது. "காய்கறிக் கடை மட்டும்தான் திறந்து வெச்சிருக்கேன்!"

பத்து நிமிஷத்தில் அவர் ஒரு வெள்ளரிக்காயோடு திரும்பினார். பத்தாவது தடவை. கட்டணம் பூஜ்யம். ஜெயித்த மாதிரிதான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்ததும் பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இன்னைக்கு என்ன?"

மனைவி போனை எடுத்தாள். "பஸ், ரெண்டு. செருப்புத் தையல், ஒண்ணு. வெள்ளரிக்காய், ஒண்ணு" என்று வாசித்துவிட்டுத் திருப்தியாகப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "ரெண்டு பிள்ளைங்களும் சாயங்காலம் சமத்தா இருந்திருக்காங்க."