எலும்புக்காகப் போட்ட தோப்புக்கரணம்

ஐம்பதைத் தாண்டிய பெண் பிள்ளையார் முன்னால் நின்று நாலு தோப்புக்கரணம் கூடுதலாகப் போட்டால், அவள் வீட்டில் யாருக்கோ பெரிய ஆபத்து என்றுதான் ஊர் முடிவு கட்டும். எலும்புக்காகப் போடுகிறாள் என்று ஒருவருக்கும் தோன்றாது. இது தெரியாமல் நான் செய்த காரியத்தால் என் மகன் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மாதவிலக்கு நின்ற நிம்மதியில் சில வருடங்கள் மிதந்துகொண்டிருந்தேன். அப்புறம் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் படிக்கட்டு திடீரென்று உயரமாகிவிட்டது. ஊறுகாய் பாட்டில் மூடி என்னை மதிப்பதை நிறுத்திக்கொண்டது. அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு மெலிய ஆரம்பிச்சிருக்கு. மாதவிலக்கு நின்னப்புறம் எலும்பும் பலம் குறையும், தசையும் கரையும்," என்றார். (ஏதாவது கரைந்தால் சரி என்று சந்தோஷப்பட்டேன். கரைவது தொப்பை இல்லையாம்.)

"நான் தினமும் நடக்கிறேனே டாக்டர்."

"நடந்தா மட்டும் பத்தாது. வெயிட் தூக்கணும். வெயிட்டோட உக்காந்து எழுந்திருக்கணும்."

"வீட்டு வேலையில தூக்கிக்கிட்டேதானே இருக்கேன்?"

"தண்ணி கேனை யார் கவுத்து வைக்கிறாங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்ப நீங்க எதையும் தூக்கல," என்றார் டாக்டர்.

எங்கள் தெருமுனை ஜிம் வாசலில் சட்டையில்லாத ஒருவரின் படம் இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போக எனக்குத் தைரியமில்லை. அப்போதுதான் ஃப்ளாட் வாசல் பிள்ளையார் கண்ணில் பட்டார். அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மகன் கார்த்திக்கின் பழைய லேப்டாப் பையில் அரிசியைக் கொட்டி, முதுகில் மாட்டி, மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். காதைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டப் போட்டேன். முகம் கோணியது, கண்ணில் நீர் கொட்டியது. பார்ப்பவர்களுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கிறது.

வாசலில் பூ விற்கும் சாந்தி ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, தெனம் அழுதுகினே தோப்புக்கரணம் போட்டுகினு கீற? ஊட்ல எதுனா பிரச்சனையா?"

உண்மையைச் சொல்ல வெட்கம். "ஒரு வேண்டுதல்," என்றேன்.

"முதுவுல இன்னா மூட்டை?"

"அரிசி."

"அடப்பாவமே. புள்ளைக்கா?"

எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டித் தொலைத்தேன்.

கார்த்திக்குக்கு மாங்காட்டில் பெண் பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. பெண்ணின் அத்தை எங்கள் பக்கத்து பிளாக்கில்தான் குடியிருந்தார். அவரும் சாந்தியிடம்தான் பூ வாங்குவார். சேதி மாங்காடு போய்ச் சேர்வதற்குள் என் மகனுக்கு இதயத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தியும் அவர் மனைவி வசந்தாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"எங்களுக்கு ஒரே பொண்ணு. பையனுக்கு உடம்புக்கு என்னன்னு மறைக்காம சொல்லிடுங்க," என்றார் வசந்தா.

கல்யாணம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்துபோனேன். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கார்த்திக் (வாய் நிறையப் பூரியோடு) அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கா?" என்றான்.

டாக்டர், எலும்பு, தசை, ஜிம் வாசல் படம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர்கள் நம்பினதாகத் தெரியவில்லை. (சொல்லும்போது எனக்கே நம்பும்படி இல்லை.) சரி, செய்தே காட்டிவிடலாம் என்று பையை மாட்டிக்கொண்டு ஹால் நடுவில் உட்கார்ந்தேன். எழும்போது ஜிப் பிய்ந்து, மொத்த அரிசியும் சம்பந்தியின் காலடியில் கொட்டியது. துடைப்பம் எடுக்கப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. சமையலறையில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது ஹால்வரை கேட்டது.

வசந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கும் நின்னு நாலஞ்சு வருஷம் ஆச்சு. தரையில உக்காந்தா எழுந்திருக்க முடியல. வயசாச்சுன்னு விட்டுட்டேன்," என்றவர், எழுந்து வந்து தானும் காதைப் பிடித்துக்கொண்டார். கீழே போனார். மேலே வரவில்லை.

"சம்பந்தி, மாட்டிக்கிட்டேன்," என்றார்.

அவர் கணவர் பதறி எழுவதற்குள், நான் வசந்தாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்திவிட்டேன். அரிசி சிதறிக் கிடந்த தரையில், ஊறுகாய் மூடியிடம் தோற்ற அதே கையால். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். வசந்தா என் கையை விடாமல், "அந்த டாக்டர் எங்க இருக்காங்க?" என்று கேட்டார். அப்புறம் காபியைச் சூடு பண்ணித் தரச் சொன்னார்.

கல்யாணத்தன்று பெண் வீட்டுச் சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வந்தன. ஆப்பிள், சாத்துக்குடி, கல்கண்டு. அதற்கடுத்த தட்டில், மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு ஜோடி டம்பெல். அந்தத் தட்டை மட்டும் வசந்தா யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தார்.

இன்றைக்கும் நான் அதைக் கையில் எடுத்தால் போதும், மருமகள் ஹாலிலிருந்து குரல் கொடுப்பாள்:

"அத்தே, இன்னிக்கு உங்க புள்ளைக்கு என்ன வியாதி?"