இங்க யாரும் இல்ல

“இது என் மருமகளோட கழுத்து. இது அவ காது. இந்தத் தோட்டை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இப்பச் சொல்லு உம்மு ஃபிராஸ், இது எப்படி என் போனுக்கு வந்துச்சு?”

ஹாஜ்ஜா நஜ்லா கைபேசியைப் பஹீஜாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். மகன் ஃபிராஸ் பிறந்த நாளிலிருந்து பஹீஜாவை எல்லோரும் உம்மு ஃபிராஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை இவ்வளவு கோபமாகச் சொல்ல முடியும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

படம் பின்னாலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. முடியெல்லாம் ஈரச் சாயம், பாதிக் கன்னம், வெற்றுக் கழுத்து. ஹாஜ்ஜாவின் மருமகள் ரகத், முந்தின நாள் பஹீஜாவின் அழகு நிலையத்தில் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது எடுத்தது. நாற்காலியின் ஊதா நிறமே காட்டிக்கொடுத்தது.

“ஹாஜ்ஜா, ஒருவேளை ரகத்தே எடுத்து…”

“அவளுக்கு முதுகுல கை முளைச்சிருக்கா? புள்ள ராத்திரி பூரா அழுதுட்டு இருக்கா. என் மகன் இன்னும் பார்க்கல. பார்த்தான்னா அவளை அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிடுவான். உன் கடையில யார் கையில போன் இருக்கு, அதைச் சொல்லு.”

பஹீஜாவின் கடையில் ஒரே ஒருத்தி கையில்தான் போன் இருக்கும். அவள் ஜவாஹிர்.

கடை திறந்த நாளிலிருந்து வாசல் திரைக்கு உள்பக்கம் ஜவாஹிர் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வருகிறவர்கள் உடல் மறைக்கும் அபாயா அங்கியைக் கழற்றுவதற்கு முன் போனை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் அதைத் துணிப்பையில் போட்டு வைப்பாள். டோக்கன் கிடையாது. யாருடையது எது என்பது அவளுக்குத் தெரியும். வெளியிலிருந்து எந்தக் கணவனாவது கடைக்குப் போன் போட்டு, “என் மனைவி அங்க இருக்காளா?” என்று கேட்டால், அந்த மனைவியின் தலையைத் துவட்டிக்கொண்டே, “இங்க யாரும் இல்ல” என்பாள். ஜித்தாவிலேயே வாயைத் திறக்காத சம்பளக்காரி தன்னிடம்தான் இருக்கிறாள் என்று பஹீஜா பல இடங்களில் பெருமை பேசியிருக்கிறாள்.

ஹாஜ்ஜா போன பிறகு ஜவாஹிரை உள்ளே கூப்பிட்டாள்.

“நீயா எடுத்த?”

“இல்ல, உம்மு ஃபிராஸ். என்கிட்ட இருந்த போன் எதுவும் பையை விட்டு வெளிய வரல.”

“அப்ப யாரு எடுத்தா? உனக்குத் தெரியுமா?”

ஜவாஹிர் கையிலிருந்த துணிப்பையை மடிக்கத் தொடங்கினாள்.

“தெரியுமா, தெரியாதா?”

“அதை மட்டும் என்னைக் கேக்காதீங்க.”

கேட்காதே என்று சொல்கிறவளைக் கேட்காமல் வைத்திருந்தால் நாளைக்கு எல்லோரும் நம்மைக் கேட்பார்கள் என்று பஹீஜா நினைத்தாள். மாதம் முடிவதற்குள் அவளை அனுப்பிவிட்டாள். ஜவாஹிர் சாவியையும் துணிப்பைகளையும் மேசைமேல் வைத்தாள். பைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டிருந்தாள்.

அவள் இடத்துக்கு ஷதா வந்தாள். கணினிப் படிப்பு படித்தவள். “அக்கா, நீங்க இன்னும் துணிப்பையிலயா இருக்கீங்க?” என்று முதல் நாளே சிரித்தாள்.

அந்த வார வியாழக்கிழமை கடையில் கூட்டம். உம்மு மாஜித் என்ற பழைய வாடிக்கையாளர் வந்தார். அவரை அடுத்து நூஃப் என்ற இளம்பெண் வந்தாள். இரண்டு நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் காலியாக இருந்தன. ஷதா இருவரையும் உட்கார வைத்து, பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்தாள். இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரர் வியாபார விஷயமா மாசத்துல பாதி நாள் தாயிஃப் போயிடுவாரு. வந்தா குறட்டைதான்,” என்றார் உம்மு மாஜித்.

“எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், மாசத்துல பாதி நாள் தாயிஃப்ல. குறட்டைக்கு நடுவுல ஒரு விசில் வரும் பாருங்க…” என்று நூஃப் அந்த விசிலை அடித்துக் காட்டினாள்.

உம்மு மாஜித்தின் கையிலிருந்த காப்பிக் கோப்பை கீழே விழுந்தது. அந்த விசிலை அவர் இருபது வருடமாகக் கேட்டு வருகிறார்.

அடுத்து நடந்ததில் ஒரு கண்ணாடியும் இரண்டு முடி உலர்த்திகளும் போயின. நகம் வெட்டும் பெண் நடுவில் புகுந்து கடி வாங்கினாள். எல்லாம் அடங்கிய பிறகு அவள் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “ஜவாஹிர் இருந்தப்ப இந்த அம்மாவை முன்னறையில உட்கார வைப்பா, அந்தப் பொண்ணைப் பின்னறையில. ரெண்டு வருஷமா. ஏன்னு கேட்டா, வெளிச்சம் நல்லா இருக்குன்னுவா.”

பஹீஜாவுக்குச் சுரீரென்றது. ரெண்டு வருஷம்! என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

“கவலைப்படாதீங்க அக்கா,” என்றாள் ஷதா. “யாரும் யாரையும் சந்திக்காம பண்ணிடலாம். நேரத்தை எல்லாரும் இணையத்துலயே பதிவு பண்ணட்டும். பேரு, நம்பர், என்ன வேலை, எத்தனை மணி. வாய்வழி சமாச்சாரமே கிடையாது. எல்லாம் பத்திரம்.”

ஷதா உருவாக்கிய இணையப் பக்கம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் பூட்டுப் படம்கூடப் போட்டிருந்தாள். ஆனால் அந்தப் பூட்டு வெறும் படம். பக்கத்தைத் திறக்கிற யார் வேண்டுமானாலும் எல்லோருடைய பதிவையும் பார்க்கலாம் என்பது மூன்றாம் நாள் காலையில், பெண் பார்த்து நிச்சயித்த ஒரு வீட்டிலிருந்து வந்த போனில்தான் தெரிந்தது.

“பொண்ணுக்கு இருபத்திநாலு வயசுன்னீங்க. இங்க ‘நரை மறைத்தல், முழுத்தலை’ன்னு போட்டிருக்கு!” என்று மாப்பிள்ளையின் அத்தை கத்தினார். பெண்ணின் வீட்டுக்குப் போட வேண்டிய போனைக் கோபத்தில் கடைக்குப் போட்டுவிட்டார்.

அதற்குள் பெண்ணின் அம்மாவே அடுத்த லைனில் வந்துவிட்டார். “உம்மு ஃபிராஸ், அது எனக்குப் போட்ட பதிவு! மக பேர்ல போட்டேன், என் பேர்ல நரைன்னு போட வெட்கமா இருந்துச்சு!”

ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் பெயருக்கு நேரே ‘மீசை’ என்று ஒரே சொல் இருந்தது. அவருடைய மாணவிகள் அதைப் பார்த்துவிட்டார்கள். அந்த அம்மா போன் போட்டுத் திட்டவில்லை. அழுதார். அதுதான் பஹீஜாவைப் போட்டு வதைத்தது.

“பக்கத்தை மூடு! மன்னிப்புக் கேளு! எல்லார்கிட்டயும் கேளு!” என்றாள் பஹீஜா.

ஷதா கேட்டாள். எல்லோருடைய எண்களையும் ஒரே குழுவில் சேர்த்து, ஒரே செய்தியாக அனுப்பினாள்: ‘அன்பு வாடிக்கையாளரே, உங்கள் அந்தரங்கம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.’

உடனே பதில்கள் வரத் தொடங்கின. முதலில் ஒருத்தி கேட்டாள்: “இது ஹனான் நம்பர் தானே? உன் தலைமுடி இயற்கையாவே சுருட்டைன்னு சொன்னியே?”

இன்னொருத்தி: “நீங்கல்லாம் யாரு?”

மூன்றாவதாக ஓர் ஆணின் குரல் பதிவு: “என் மனைவி என் நம்பரைக் கொடுத்திருக்கா. ஒரு முடிவெட்டுக்கு இவ்வளவா வாங்குறீங்க?”

மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் குழுவிலிருந்து பாதிப் பேர் வெளியேறியிருந்தார்கள். மீதிப் பாதி சண்டையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார்கள்.

ஷதா தானாகவே வேலையை விட்டாள். “உங்க வாடிக்கையாளர்கள் இணையத்துக்குத் தயாரா இல்ல, அக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஹீஜா இரண்டு நாள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அபாயாவை மாட்டிக்கொண்டு ஜவாஹிரைத் தேடிப் போனாள். அவள் நாலு தெரு தள்ளி இன்னொரு அழகு நிலையத்தில், இன்னொரு திரைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மடியில் புதுத் துணிப்பைகள்.

“வாங்க, உம்மு ஃபிராஸ். காப்பி குடிக்கிறீங்களா?”

அந்த மரியாதை பஹீஜாவுக்கு அடி வாங்கியதுபோல் இருந்தது. திரைக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. உம்மு மாஜித்தின் சிரிப்பு. அதைத் தொடர்ந்து தலைமையாசிரியையின் இருமல்.

“என் ஆளுங்க எல்லாம் இங்கதான் வர்றாங்களா, ஜவாஹிர்?”

“இங்க யாரும் இல்ல,” என்றாள் ஜவாஹிர்.

உள்ளே மறுபடி சிரித்தார்கள்.

“நான் அவசரப்பட்டுட்டேன். திரும்பி வந்துடு. சம்பளம் நீ சொல்றதுதான். ஒண்ணே ஒண்ணு, அந்தப் படத்தை யாரு எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லு. என் மனசு ஆறட்டும்.”

ஜவாஹிர் ஒரு பையின் கயிற்றைச் சுருக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி சுருக்கினாள்.

“அதைச் சொன்னாத்தான் வேலைன்னா எனக்கு வேண்டாம், உம்மு ஃபிராஸ். இங்கயும் வாக்குக் கொடுத்துட்டேன்.”

பஹீஜா காப்பியைக் குடிக்காமலே திரும்பினாள். நல்லவள்தான், ஆனால் படம் எடுத்தது அவளேதான். அதனால்தான் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று நடந்துகொண்டே தன்னைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு ஒரே ஒரு ஆள் வந்தாள். ரகத்.

“மாமி இப்பத்தான் அனுப்பினாங்க,” என்றாள் அந்தப் பெண் வெட்கத்தோடு. “இங்க இப்ப யாருமே வர்றதில்லையாம். அதனால படம் எடுக்க ஆளில்லைன்னு தைரியமா அனுப்பிட்டாங்க.”

பஹீஜா சிரிக்கப் பார்த்தாள். ஊதா நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தாள். தானே தண்ணீரைச் சூடாக்கி, தானே சாயம் கலக்கினாள்.

ரகத் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “ஜவாஹிர் அக்கா லீவா? அவங்களுக்கு ஒரு அத்தர் வாங்கிட்டு வந்தேன். அவங்க எனக்குப் பண்ணின உதவியை நான் மறக்க மாட்டேன்.”

“அவளை அனுப்பிட்டேன்.”

“எங்க அனுப்பினீங்க?”

“வேலையை விட்டு அனுப்பிட்டேன். உன் படத்தை எடுத்ததுக்கு.”

ரகத் நாற்காலியில் நிமிர்ந்து திரும்பினாள். தலையிலிருந்து சொட்டிய சாயத்தைக்கூட அவள் துடைக்கவில்லை.

“அவங்க எடுக்கல,” என்றாள் மெல்ல. “என்கிட்ட ரெண்டு போன் இருந்துச்சு. ஒண்ணைத்தான் அவங்ககிட்ட கொடுத்தேன். பின்பக்கம் நிறம் எப்படி இருக்குன்னு மதீனாவுல இருக்கிற எங்க அக்காவைக் கேக்கணும்னு, கையைப் பின்னால வளைச்சு நானே எடுத்து அனுப்பினேன். அவ தோழிகளுக்கு அனுப்பி ‘ரொம்பச் சிவப்பா?’ன்னு கேட்டுட்டா. அது சுத்திச் சுத்தி மாமிகிட்டயே வந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரியே ஜவாஹிர் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லி அழுதேன். தெரிஞ்சா என் குடும்பமே போயிடும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கினேன்.”

பஹீஜா தூரிகையைக் கிண்ணத்தில் போட்டாள்.

ரகத் அழத் தொடங்கினாள். “யார்கிட்டயும்னா, உங்ககிட்டயும் சொல்ல மாட்டாங்கன்னு நான் நினைக்கவே இல்லையே, அக்கா!”