மொட்டைக் கடிதம் எழுதிய ரசிகரைத் தேட வேண்டாம்

அனுப்புநர்:
மு. ஜெகதீசன்,
ஓய்வு பெற்ற தர ஆய்வாளர்,
செக்டார் 27, நிக்டி, புனே – 44.
நாள்: 22-9-2003

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள், தமிழ் வார இதழ், சென்னை.

பொருள்: தங்கள் இதழ் அறிவித்துள்ள தேடுதலை உடனே நிறுத்தக் கோருவது தொடர்பாக.
பார்வை: தங்கள் 14-9-2003 இதழ், பக்கம் 22 முதல் 25 வரை.

மதிப்பிற்குரிய ஐயா,

நிக்டியில் நானும் என் மனைவி மல்லிகாவும் நலம். இந்த வருஷம் பிள்ளையாரைக் கரைத்த பிறகும் மழை நிற்கவில்லை, துணி காயவில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சுக் கோப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குறிப்பாக அச்சுக் கோப்பவர்கள். நான் கேட்கப் போவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் கேப்டன் ஜான்சியின் வாழ்க்கையையும் விளையாட்டையும் பற்றித் தாங்கள் நான்கு பக்கம் வெளியிட்டிருக்கிறீர்கள். நான் அவளைப் பெற்ற தகப்பன். முப்பத்தோரு வருஷம் ஆகுர்டியில் ஒரு ஸ்கூட்டர் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். பழுதான சாமான் என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. ஆகையால் தங்கள் கட்டுரையையும் அதே கண்ணோடு பார்த்தேன், தவறாக நினைக்க வேண்டாம். "தந்தை அன்று ஆசையோடு கையில் கொடுத்த மட்டை" என்று இருபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. அவளாகப் பக்கத்துப் பிளாக் பிள்ளைகளிடம் வாங்கி வந்த மட்டையை நான் பிடுங்கிப் பரண் மேல் போட்டேன். மறுநாள் மல்லிகா குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, துவைக்கிற கட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டா உங்க மக. நான் துணியை எதைக் கொண்டு அடிக்க?" என்றாள். இந்த ஊரில் துணியை அடித்துத் துவைக்க ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள், மட்டையில் பாதி அகலம்கூட இராது. அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் பந்தை நடுவில் அடித்துப் பழகியவளிடம் பிறகு பள்ளியில் நிஜ மட்டையைக் கொடுத்தபோது அவளுக்கு அது கதவு மாதிரி இருந்திருக்கிறது. "பந்தை நேராகச் சந்திக்கும் கலையை எங்கே கற்றாரோ" என்று தங்கள் நிருபர் வியந்திருக்கிறார். எங்கள் குளியலறையில்.

"மகளின் திறமைக்காகவே பள்ளியை மாற்றினார்" என்பதும் சரியல்ல. மைதானமே இல்லாத பள்ளியாகத் தேடி, மூன்று பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்து, நாலாவதில் சேர்த்தேன். முன்னால் வாகனம் நிறுத்த இடமில்லை, பின்னால் ரயில் பாதை. எனக்குப் பரம திருப்தி. அங்கே ஜோசபின் என்று ஒரு ஆசிரியை இருந்ததும், பிம்ப்ரி சிஞ்ச்வடு என்ற எங்கள் இரட்டை நகரம் முழுவதற்கும் பெண்களுக்கென்று அப்போது இருந்த ஒரே கிரிக்கெட் அணியை அவர்தான் நடத்தினார் என்பதும், மைதானம் இல்லாததால் பிள்ளைகளைத் தினமும் நாலு கிலோமீட்டர் ஓட வைத்து அடுத்த ஊர் மைதானத்துக்குக் கூட்டிப் போவார் என்பதும் சேர்க்கைப் படிவத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை. ஜான்சிக்கு மூச்சு வாங்காது என்று இன்று வெளிநாட்டுக்காரன்கூட எழுதுகிறான்.

இப்படி நான் ஒவ்வொரு கதவாகச் சாத்த, அவள் மாநில அணி, மேற்கு மண்டலம், இந்திய அணி என்று போய்க்கொண்டே இருந்தாள். இரண்டாம் வகுப்பு ரயிலில் படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவாள், திரும்பி வரும்போது முட்டியில் காயம் இருக்கும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. சகிக்காது என்பதை வீட்டில் கோபமாகத்தான் சொல்லத் தெரிந்தது. அது என் குறை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தைந்தாம் பக்கத்தில், 1997-இல் அவளைக் கேப்டன் ஆக்கியது முகம் தெரியாத ஒரு ரசிகர் எழுதிய கடிதம் என்றும், அவளுடைய ஏழு சிறப்புகளை அவர் வரிசையாக எழுதியிருந்தார் என்றும், அதன் நகலை அவள் இன்றுவரை கிரிக்கெட் பையில் வைத்திருக்கிறாள் என்றும், அவரைச் சந்திக்க ஆசைப்படுகிறாள் என்றும் எழுதி, "அந்த நலம் விரும்பி எங்கிருந்தாலும் ஆதாரத்துடன் எங்களுக்கு எழுதவும், சென்னையில் விழா எடுத்துக் கேப்டன் கையாலேயே பரிசு தரப்படும்" என்று கட்டம் கட்டி அறிவித்திருக்கிறீர்கள்.

ஐயா, அது பாராட்டுக் கடிதம் அல்ல. மொட்டைக் கடிதம். எழுதியவன் நான்.

தாங்கள் பத்திரிகைக்காரர், தொழிற்சாலை வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் ஷாப்பில், அதாவது பட்டறைப் பிரிவில், ஒருவனுக்குப் பதவி உயர்வு வருகிறது என்று தெரிந்தால் மேலிடத்துக்கு நாலு மொட்டைக் கடிதமாவது போகும். கையெழுத்து இருக்காது. அடியில் "இப்படிக்கு, நலம் விரும்பி" என்று போடுவது முறை. என்னைப் பற்றியே மூன்று போயிருக்கிறது. மூன்றும் வேலை செய்தன, பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. ஆகவே இது நம்பகமான வழி என்று என் அனுபவம். அந்த வருஷம் தளேகாவிலிருந்து ஜான்சிக்கு ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக லேத் பட்டறை. தை மாதம் முகூர்த்தம் என்று அவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். தை மாதம் அணி வெளிநாடு போவதாக இருந்தது. அவளைக் கேட்டால் ஆட்டம்தான் என்பாள். சரி, அணியில் இந்த ஒரு தடவை எடுக்காமல் விட்டால் போதும் என்று, மல்லிகா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஆபீஸ் ஆங்கிலத்தில் ஏழு குற்றங்களை எண் போட்டு எழுதித் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினேன். பொய் ஒன்றுகூட எழுதவில்லை. பெற்ற பெண்ணைப் பற்றிப் பொய் எழுதலாமா?

இவள் யார் சொல்லுக்கும் அடங்க மாட்டாள் என்று எழுதினேன். காலனியில் உள்ள அத்தனை பெண்களும் தாய் தகப்பன் சொல்லை விட்டுவிட்டு இவள் சொல்லைக் கேட்கிறார்கள் என்று எழுதினேன். கேரம் ஆடினாலும் ஜெயிக்கும்வரை பலகையை மடிக்க விடமாட்டாள், வீடே பட்டினி கிடக்கும். ஆட்டத்துக்கு முந்தின தினம் சமையலறைத் தரையில் பதினோரு தம்ளர்களைப் பரப்பி, யார் எங்கே நிற்பது என்று நகர்த்திக்கொண்டிருப்பாள், காபி குடிக்கத் தம்ளர் இருக்காது. பெரியவர்கள் தப்புச் செய்தால் முகத்துக்கு நேரே சொல்வாள். தோற்ற தினம் பிறரைக் குறை சொல்லாமல் தானே உம்மென்று இருந்து எல்லாரையும் வதைப்பாள். ஏழாவதாக, இவள் தன் தகப்பனைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை என்று முடித்து, இப்படிப்பட்டவளை அணியில் வைத்தால் அணி முழுவதும் இவள் இஷ்டப்படிதான் ஆடும் என்று எச்சரித்திருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து, குழுவில் இருந்த காசிம் மாஸ்டர் கையில் பேடா டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். அவர் ஆம்பூர்க்காரர், நாற்பது வருஷமாகப் புனே பக்கம் கிர்க்கியில் இருக்கிறார். "ஜெகதீசன் சாப், மும்பை ஆளைப் போடணும், டெல்லி ஆளைப் போடணும்னு ரெண்டு நாளா ஜகடா, ஒரே சண்டை. அப்பதான் ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. சேர்மன் ரெண்டு தடவை படிச்சாரு. 'பதினோரு பேரையும் தம்ளர் மாதிரி நகத்துற பொண்ணு இங்க ஒண்ணு இருக்கு, நாம வெளியில தேடிட்டு இருக்கோம்'னு சொல்லி உங்க பேட்டி, அதான் உங்க மக, அவ பேரை எழுதிட்டாரு. எந்தப் பாவி எழுதினானோ, அவன் நல்லா இருக்கணும்" என்றார். பேடாவை என் வாயிலேயே ஊட்டிவிட்டார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது.

தளேகாவ்காரர்கள் கேப்டன் மருமகள் தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்று வருஷம் கழித்து, அணியின் கணக்கெழுத்தராக வந்த சுனில் என்ற மராட்டிப் பையனை அவளே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பிள்ளை. சாம்பாரில் சர்க்கரை கேட்பான், வேறு குற்றம் இல்லை.

தங்கள் அறிவிப்பால் இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எதிர் வீட்டுப் பாலசுப்ரமணியன், என்னோடு இருபது வருஷம் ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்தவர், அந்தக் கடிதத்தைத் தாமே எழுதியதாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு பொறி இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். எழுதிப் போட்டேன். விளம்பரம் வேண்டாம்னுதான் பேர் போடல" என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என்னிடமே சொன்னார். மல்லிகா அவருக்கு இரண்டாவது தடவை காபி கொடுத்தாள். தமிழ்ச் சங்கத்தில் சால்வைக்குச் சொல்லிவிட்டார்கள். சென்னையிலும் அவர் மேடையேறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் தாங்கள் ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். ஆதாரம் என்று கிளறினால் கையெழுத்தை ஒப்பிடுவீர்கள், தபால் முத்திரையைப் பார்ப்பீர்கள், அது நிக்டி என்று வரும், பிறகு என் வாசலுக்கு வருவீர்கள்.

ஐயா, என் மகள் ஆறு வருஷமாக எந்தக் காகிதத்தைத் தன்மேல் நம்பிக்கை வைத்த ஒரு மனிதர் எழுதியதென்று நினைத்துப் பையில் சுமக்கிறாளோ, அதைத் தன்னைத் தள்ளிவிட நினைத்த தகப்பன் எழுதினான் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. எனக்கு அவமானம் வருவது பெரிதல்ல. அவள் பிறகு ஆடப் போகும்போது அந்தப் பையைத் திறக்க வேண்டுமே, அதுதான். இது மல்லிகாவுக்கும் தெரியாது. தங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். "ரசிகர் காலமாகிவிட்டார்" என்று இரண்டு வரி போட்டுத் தேடுதலை முடித்துவிட்டால் ஆயுசு முழுக்க நன்றியோடு இருப்பேன். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடவும்.

தங்கள் பத்திரிகை பெருகட்டும், தங்கள் வீட்டுப் பிள்ளைகள் தாங்கள் நினைத்தபடியோ, நினைத்தபடி இல்லாமலோ, எப்படியாவது நன்றாக வரட்டும்.

இப்படிக்கு,
மு. ஜெகதீசன் (இந்தத் தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஜான்சி வந்துவிட்டாள். பெங்களூர் பயிற்சி முகாம் மழையால் இரண்டு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டதாம். நான் கடிதத்தை அவசரமாகச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் மொட்டைக் கடிதமாப்பா?" என்று கேட்டாள். நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன். "அரே அப்பா, அந்த ஏழு பாயிண்ட்ல பாதிக்கு மேல நம்ம வீட்டுக்குள்ள நடந்தது. கிச்சன் வரைக்கும் வெளி ஆளு யாரு வருவா? காசிம் மாஸ்டர் லெட்டர் நகலைக் குடுத்த அன்னைக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரியும்" என்றாள். மல்லிகா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பின்னே, தெரியாமலா பாலசுப்ரமணியனுக்கு ரெண்டு காபி கொடுத்தேன்? எவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டு இருக்கியன்னு பாத்தேன்" என்றாள். பிறகு ஏன் அதைப் பையில் வைத்திருக்கிறாய், ரசிகரைச் சந்திக்க ஆசை என்று ஏன் பேட்டி கொடுத்தாய் என்று கேட்டேன். ஜான்சி தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள். "நீங்க என்கிட்ட நல்லா ஆடினேன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லப்பா. பாக்கறதே இல்லைன்னு நெனச்சேன். ஏழு பாயிண்ட் எழுதணும்னா எத்தனை நாள் பாத்திருக்கணும். நான் தோத்த அன்னைக்கு யாரையும் திட்டமாட்டேன்னு அம்மாகூடக் கவனிச்சதில்ல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதில் மகள் எதிரில் அழுவதில் வெட்கம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஆகவே மேலே எழுதியது அனைத்தையும் ரத்து செய்து, தேடுதலைத் தொடரும்படி கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தையே ஆதாரமாக ஏற்று, பாலசுப்ரமணியன் என்பவரிடமிருந்து விண்ணப்பம் வந்திருந்தால் தள்ளுபடி செய்யவும். ஏழாவது குற்றத்தை மட்டும் நீக்கிவிடவும், தரச் சோதனையில் அது தேறவில்லை. கிழிக்க வேண்டாம், இதன் நகல் ஒன்று அவளுக்கு வேண்டுமாம். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, முதல் வரியிலிருந்து நானே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறாள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று.