கொழுந்துக்குள் கிடந்த கிடார்

சனிக்கிழமைக்குள் கிடாரின் சுருதியைச் சரிசெய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

சனிக்கிழமை என் மைத்துனர் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. இடம், சின்னக்கானலில் எங்கள் எஸ்டேட் கிளப் ஹால். மேடையில் நான் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பேன் என்று என் மனைவி செல்வி போடி வரைக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

போடியில் அவளுடைய அக்கா இருக்கிறாள். அக்காவுக்கு ஒரு கணவர் இருக்கிறார். என் சகலை முருகேசன், ஏலக்காய் வியாபாரி. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவர் மைக்கைப் பிடித்துப் பாடுவார். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றுவேன்.

"இந்தத் தடவையாவது நீங்க மேடையில நிக்கணும். எங்க அக்கா அதைப் பாக்கணும்," என்றாள் செல்வி.

கிடாரின் நோய் இதுதான். கம்பியைச் சும்மா மீட்டினால் சுருதி சரி. கழுத்தில் வீணை மெட்டு மாதிரி இருக்கும் ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதில் விரலை வைத்து மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். எனக்கோ, அதையும் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நின்றது. சுருதி பார்க்கும் போன் செயலி சிவப்பு காட்டியது.

நான் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் பல வருடங்களாகக் கைவேலைப் பகுதி எழுதுகிறவன். நிதானமாக, படிப்படியாகச் செய்தால் எதுவும் வரும் என்று எத்தனையோ குழந்தைகளை நம்பவைத்தவன். எனக்கு வராதா?

வீடியோ பார்த்தேன். "இது ரொம்ப சிம்பிள்!" என்றார் ஒருவர். வீடியோவில் வருகிற எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சிம்பிள் இல்லாத வேலைக்கு யாரும் வீடியோ போடுவதில்லை போலும்.

கிடாரின் அடியில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு குட்டித் தாங்கி உண்டு. சுருதி ஏறினால் திருகாணியைத் திருகித் தாங்கியைப் பின்னால் தள்ள வேண்டும். இறங்கினால் முன்னால் இழுக்க வேண்டும்.

தள்ளினேன். சுருதி ஏறியே இருந்தது. இன்னும் தள்ளினேன். இறங்கியது. இழுத்தேன். ஏறியது. ஒரே கம்பி, ஒரே இடம், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில்! எனக்குக் கோபம் ஏற ஏற, சுருதியும் கூடவே ஏறியது.

"கிடாரு வாசிக்க எதுக்குங்க பல்லைக் கடிக்கிறீங்க?" என்றாள் செல்வி.

அப்போதுதான் பாண்டி வந்தார். தேயிலைத் தொழிற்சாலையின் ஃபிட்டர். கையில் ஸ்பேனரோடு கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"மைக் ஸ்டாண்டு மெல்ல மெல்ல உக்காந்துருது சார். அதை நிமித்தப் போறேன். இங்க என்ன சத்தம்?"

சொன்னேன். கிடாரின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நாடி பிடித்த வைத்தியர் மாதிரி நிமிர்ந்தார்.

"ஈரம் சார்!"

எங்கள் மலையில் எல்லா நோய்க்கும் பெயர் ஈரம்தான். கதவு மூடவில்லையா? ஈரம். ரேடியோ கரகரக்கிறதா? ஈரம். மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால்கூட ஈரம் என்று சொல்லிவிடுவார்கள்.

நோய் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றுதான். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடி! அங்கே வலைத் தட்டுகளில் தேயிலைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றை விடுவார்கள். மழைக்காலத்தில் பாதி எஸ்டேட்டின் யூனிஃபாரமும் கம்பளியும் அந்த மாடி ஓரத்தில்தான் காயும். என் கல்யாண வேட்டியே அங்கே காய்ந்ததுதான்.

"ஈரம் ஏறிக் கழுத்து வளைஞ்சிருக்கு சார். ஒரு நைட்டு காலித் தட்டுல கெடந்தா நிமிந்துரும்," என்றார் பாண்டி.

கொடுத்து அனுப்பினேன். எதையும் படிப்படியாகச் செய்கிற மனிதன், யோசிக்கிற படியை மட்டும் தாண்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் போன். தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர்.

"சார், கொழுந்துக்குள்ள என்னமோ தலைய நீட்டிக்கிட்டு கெடக்குன்னு ஆளுங்க தட்டுப் பக்கமே வர மாட்டேங்குறாங்க. பாண்டியக் கேட்டா உங்களுதுங்கறான்!"

ஓடினேன். நைட் ஷிப்ட்டில் யாரோ காலித் தட்டு என்று நினைத்து கிடாரின் மேலேயே கொழுந்தைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"கொழுந்துத் தட்டுல கம்பியும் திருகாணியுமா? அதுல ஒண்ணு டீத்தூளோட போச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?" என்று டீமேக்கர் குதித்தார்.

"பரவால்ல சார், எண்ணிட்டேன். ஒரு திருகாணிகூடக் கொறையல," என்றார் பாண்டி.

கம்பிகள் எல்லாம் தொளதொளத்துக் கிடந்தன. மீட்டினால் கிடார் 'தொப்' என்றது. பாண்டியும் நானும் வீட்டு வாசலில் உட்கார்ந்து இண்டு இடுக்கிலிருந்தெல்லாம் கொழுந்து பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டே இருந்தபோது, சனிக்கிழமை வந்துவிட்டது. போடியிலிருந்து ஜீப்பும் வந்துவிட்டது.

"என்ன சகல, கிடாருல டீ வாசம் கும்முன்னு வருது?" என்று இறங்கினார் முருகேசன். "இங்க குடுங்க. காலேஜ்ல நாங்க பேண்டு வச்சிருந்தோம்ல, உங்ககிட்டச் சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. பாட்டு போதாதென்று இதுவும்!

தாங்கிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கம்பிகளை முறுக்கினார். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் விரலை வைத்து மீட்டினார். போனில் பச்சை. அடுத்த கம்பி, பச்சை. எல்லாமே பச்சை!

"கிடாருக்கு ஒண்ணுமில்லையே. நீங்க வாசிங்க, பாப்போம்."

செல்வி, அவள் அக்கா, பாண்டி எல்லோரும் சுற்றி நின்றார்கள். வாசித்தேன்.

சிவப்பு.

"சகல! மலைப் பஸ்ஸுல வளைவு வரும்போது மேல் கம்பியப் பிடிப்பமே, அப்படிப் பிடிக்கிறீங்க. இந்த அழுத்து அழுத்துனா கம்பி இழுபட்டுச் சுருதி ஏறாம என்ன செய்யும்? மெல்ல வைங்க."

மெல்ல வைத்தேன். சத்தமே வரவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். சிவப்பு.

"பழகுனா ஆறு மாசத்துல வந்துரும்," என்றார் சகலை, ஆறுதலாக. வரவேற்பு சாயங்காலம்.

'பென்சிலை அழுத்திப் பிடிக்காதீர்கள், குழந்தைகளே' என்று நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! செல்வியின் அக்காதான் அவளிடம், "விடுடி, பந்தியில ஆளு வேணும்ல," என்றாள்.

சாயங்காலம் மேடையில் சகலையே என் கிடாரை வாசித்துக்கொண்டு பாடினார். இரண்டு கையும் கிடாரில் இருந்ததால் மைக்கை ஸ்டாண்டில் மாட்டியிருந்தார்கள். பல்லவி முடிவதற்குள் மைக் அவருடைய நெஞ்சுக்கு வந்தது. சரணத்தில் இடுப்புக்கு வந்தது. சகலையும் பாடிக்கொண்டே கூடவே குனிந்தார்.

பாண்டி தலையில் கை வைத்தார். "ஐயோ சார், உங்க கிடாரோட கெடந்ததுல ஸ்டாண்டை மறந்தே போயிட்டேன்!"

நான் தண்ணீர் ஜக்கோடு நின்றிருந்தேன். செல்வி விறுவிறுவென்று வந்தாள். ஜக்கை வாங்கி அக்காவின் கையில் கொடுத்தாள். என்னை மேடைப்பக்கம் தள்ளினாள்.

"போயி அந்த ஸ்டாண்டப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அதை எவ்வளவு அழுத்திப் பிடிச்சாலும் சுருதி ஏறாது."