மலாக்காவில் ஒரு ஹீட்டர்

'இதிலிருந்து மூன்று பொருளை இலவசமாக எடுத்துக்கொள்' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். தனக்குத் தேவையான மூன்றை எடுக்கமாட்டான். விட்டுவிட்டால் பிறகு கிடைக்காதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் மூன்றைத்தான் எடுப்பான். படிக்காதவனாவது எடுத்துவிட்டுக் கொஞ்சம் விழிப்பான். படித்தவன் எடுத்ததற்குக் காரணமும் சொல்வான்.

நான் படித்தவன். சீனியர் கேம்பிரிட்ஜ். (பௌதிகத்தில் டிஸ்டிங்ஷன். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவது அந்தக் காலத்தில் என் வழக்கம்.)

நாடு சுதந்திரம் வாங்கவிருந்த வருடம் அது. எனக்குப் புதிதாகக் கல்யாணமாகி, மலாக்காவில் காஜா பெராங்கிலிருந்த மாமனார் வீட்டுக்கே குடிபோயிருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்பவன் கோயில் மாடு மாதிரி. தீனிக்குக் குறைவிருக்காது. என்ன வேலை செய்கிறான் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். மனசுக்குள் மட்டும் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மாமனாருக்கு ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக் கடை. புக்கிட் காதிலைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அரிசி பருப்பெல்லாம் அவர்தான் கொடுத்துவந்தார். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் சடக்குப் பாதையில் அவருடைய கிழட்டு லாரி போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற பிக்கப் லாரி ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தார். ஏஜென்டாக இருந்த டான் என்ற சீனர், ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்களுக்குக் கம்பெனியிலேயே மூன்று 'எக்ஸ்ட்ரா'வைச் சும்மா பூட்டித் தருவார்கள் என்று சொல்லி, வழவழப்பான ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமாவுக்குச் 'சும்மா' என்ற சொல் காதில் விழுந்தால் காய்ச்சலே விட்டுப்போகும். வெல்லத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட அதன் காலைத் துடைத்துவிட்டுத்தான் விரட்டுவார் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் சபை கூடியது.

"மாப்பிள்ளை, நீங்க படிச்சவங்க. படிச்சி சொல்லுங்க," என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். சேற்றுக்கென்று செய்த பெரிய பல் வைத்த டயர். பின்பக்கச் சாமான் நனையாமல் மூடும் கான்வாஸ் கூடாரம். பின்னால் கட்டி இழுக்க ஒரு கொக்கி. ஆட்கள் உட்காரப் பெஞ்சு. முன்னால் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச். இரண்டாவது பெட்ரோல் டாங்கி. குளிர்காலத்தில் உள்ளே சூடேற்றும் ஹீட்டர். (உலகம் முழுவதற்கும் ஒரே புத்தகம். அதை அச்சடித்தவனுக்கு மலாக்கா எங்கே இருக்கிறதென்று தெரியாது. எனக்கு அதுவாவது தெரிந்திருக்கலாம்.)

"பெஞ்சு போட்டா நாங்க அக்கா தங்கச்சியெல்லாம் ஒன்னா படம் பாக்கப் போலாம்," என்றாள் என் மனைவி ராஜம்.

"சாமான் ஏத்துற காடியில பொம்பளைங்கள ஏத்துறதா?" என்று நான் சிரித்தேன். அன்றிரவுச் சாப்பாட்டில் உப்பில்லை.

பிறகு என் கொள்கையை வெளியிட்டேன். "டயர நம்மூர்லயே வாங்கிக்கலாம், மாமா. கான்வாசும் கெடைக்கும். கொக்கிய பட்டறையில சொன்னா அடிச்சி குடுத்துடுவான். இங்க கெடைக்காதது எதுவோ, அதத்தான் சும்மா வாங்கிக்கணும்."

மாமா என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். பெண் கொடுத்ததற்கு அன்றுதான் அர்த்தம் கண்டார் என்று நினைக்கிறேன். "படிப்புன்னா இதான் லா!" என்றார்.

இப்படியாக, சேற்றுக்குப் போகிற வண்டிக்குச் சேற்று டயர் வேண்டாமென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. முதல் எக்ஸ்ட்ரா வின்ச். முன்னால் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று நான் விளக்கியபோது, அதை நானே கண்டுபிடித்ததுபோல் எல்லாரும் பார்த்தார்கள். இரண்டாவதை மாமா பிடித்தார். டாங்கி. "புது காடிய எண்ண ஊத்தித்தான குடுப்பான்? அப்ப ரெண்டாவது டாங்கியும் நெறச்சித்தான குடுக்கணும்?"

மூன்றாவது ஹீட்டர். புத்தகத்தில் விலை அதிகமாகப் போட்டிருந்த பொருள் அதுதான். அதை விட்டுவிட என் படிப்பு இடம்கொடுக்கவில்லை.

மறுநாள் வந்து பட்டியலைக் கேட்ட டான் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மலாயில், "துவான், இனி மலாக்கா லா," என்றார். ஐயா, இது மலாக்காவாயிற்றே என்று அந்த மனுஷர் கெஞ்சினார்.

நான் மாமாவிடம் திரும்பி, "நாளைக்கி நம்ம வியாபாரம் கேமரன் மலை வரைக்கும் போவும். அங்க குளுரு," என்றேன். (எங்கள் வியாபாரம் அதுவரை அந்த ஒரு தோட்டத்தைத் தாண்டியதில்லை.) மாமாவின் கண்ணில் மலை தெரிந்தது. டான் எழுதிக்கொண்டார். வாடிக்கையாளன் முட்டாளாக இருக்க ஆசைப்பட்டால் ஏஜென்டு என்ன செய்வார்?

வண்டி வந்து இறங்கியது. காஜா பெராங்கே திரண்டுவந்து பார்த்தது. பக்கத்து வீட்டுச் செட்டி சமூகப் பெரியவர், நெற்றியில் திருநீறும் வாயில் மலாயுமாக, ஹீட்டரைக் காட்டி "இனி புவாட் அப்பா?" என்றார். இது எதற்கென்று கேட்கிறார். உள்ளே சூடு பண்ணுவதற்கு என்றேன். அவர் நெற்றி வியர்வையை வழித்து உதறினார். திருநீறும் சேர்ந்து போயிற்று. வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவர் நம்பவில்லையோ என்ற ரோஷத்தில் நான் ஹீட்டரின் திருகைத் திருப்பினேன். திருகு திரும்பியது. திரும்பி, கையோடு வந்துவிட்டது. அதற்குள் சூடு வர ஆரம்பித்திருந்தது. "புது காடி, அப்படித்தான் இருக்கும்," என்று கூட்டத்துக்குச் சொன்னேன். மாமா இதையெல்லாம் கவனிக்கவில்லை. இரண்டாவது டாங்கியின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்த்து, காய்ந்த குச்சியை வெளியே எடுத்துவைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையைப் பட்டினி போட்டவன் வீட்டு வாசலில் நிற்கிற தகப்பன்போல இருந்தது அவர் முகம்.

டயரும் கான்வாசும் நம்மூரிலேயே வாங்கலாம் என்று சொன்னேன் அல்லவா? வாங்கவில்லை. "மூணு எக்ஸ்ட்ரா போட்டாச்சி. அதுக்கு மேல ஒரு காசு எறக்கமாட்டேன்," என்றார் மாமா.

முதல் பயணம் வரவிருந்த சுதந்திர தின விருந்துக்கு. தோட்டத்தில் எல்லாருக்கும் சாப்பாடு, பாயசம், அலங்காரம். அரிசி, பருப்பு, சீனி, சேமியா மூட்டைகளோடு சிவப்பிலும் நீலத்திலும் வண்ணத்தாள் கட்டுகளும் ஏற்றினோம். அடுத்த வருடமும் சாமான் எங்கள் கடையிலா, வேறு கடையிலா என்று அன்றுதான் தோட்டத்துப் பெரிய கிராணி சொல்வதாக இருந்தது. தோட்ட ஆபீஸில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். ஆகவே மாமா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் ஏறினார். ஓட்டுவது நான்.

புக்கிட் காதிலைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றினோம். ஹீட்டர் தன் கடமையைச் செய்தது.

"என்னா மாப்பிள்ளை, இப்பிடி வேவுது?"

"எஞ்சின் சூடு, மாமா."

கோட்டு போயிற்று. கொஞ்ச தூரத்தில் சட்டை போயிற்று. தோட்டத்து எல்லைக்கு வந்தபோது மாமா பனியனோடு, தலையில் துண்டோடு, பிட்டு வேகும் பானைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவர் மாதிரி இருந்தார். பின்னால் வண்ணத்தாள் கரைந்து சீனி மூட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வண்டி போன வழியெல்லாம் ரோஜா ஷர்பத் ஒழுகியிருக்கிறது.

ஒரு வளைவில், இறக்கத்தின் அடியில், வண்டி நின்றது. நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும் என்று கம்பெனிக்காரன் சொன்னது பொய்யில்லை. சேர்ந்துதான் சுற்றின. சேர்ந்து சுற்றி, சேர்ந்து குழி தோண்டி, வயிறு தட்டும் வரை சேர்ந்து இறங்கின. மாமா கலங்கினார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். வின்ச் இருக்கிறதே!

அந்த நேரம் பார்த்து எதிரே மேட்டில் ஒரு சின்னக் கறுப்புக் கார் வந்து நின்றது. பெரிய கிராணி குடையோடு இறங்கினார். ஆள் கார் அளவுதான். ஆனால் பார்வை துரையின் பார்வை. மேட்டிலிருந்து அவர் முதலில் கண்டது பனியனோடு சேற்றில் நின்ற என் மாமனாரை.

"யாரு மேன் அது, மளிகைக்கடை தவுக்கேயா?" என்றார்.

"ஆமாங்க ஐயா," என்று மாமா கும்பிட்டார்.

நான் கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கத்து ரப்பர் மரத்துக்குப் போனேன். கிராணி குடையை நீட்டித் தடுத்தார். "பால் மரத்துல கயிறு பட்டுச்சி, தொரைகிட்ட ரிப்போர்ட் பண்ணிருவேன்! பட்டைக்குக் காயம் ஆயிரும்!"

வேறு எதில் கட்டுவது? என் டிஸ்டிங்ஷன் மூளை வேலை செய்தது. "சார், உங்க காடியில கட்டிக்கிறேன். நீங்க உள்ள உக்காந்து பிரேக்க மிதிச்சிக்குங்க, போதும்."

அவருக்கு அது பிடித்துவிட்டது. ஒரு நாட்டையே தாங்கப்போகிறவர்போல உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். "என் கால் பிரேக்குல இருக்கற வரைக்கும் மலை வந்து இழுத்தாலும் அசையாது மேன்!" என்றார்.

மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வின்ச்சைப் போட்டேன். கயிறு முறுக்கேறியது. வண்டி உறுமியது. கண்ணாடியில் மழை. அந்தத் தண்ணீருக்கு அப்பால், கிராணியின் கார் மெதுவாக, மிக மெதுவாகப் பக்கத்தில் வந்தது.

"வருது, மாப்பிள்ளை! வெளிய வருது! இழுங்க!" என்று மாமா கத்தினார்.

நானும் பார்த்தேன். எங்களுக்கும் காருக்கும் நடுவே தூரம் குறைகிறது. ஆகவே நாங்கள் நகர்கிறோம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. (பௌதிகம்.) கிராணி ஹார்ன் அடித்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துப் பதிலுக்கு நானும் அடித்தேன். அவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். கார் இன்னும் நெருங்கியது. அவர் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. "நல்ல மனுஷன், எவ்வளவு சந்தோஷப்படறாரு பாருங்க," என்றார் மாமா.

கார் வந்து எங்கள் முன் கம்பியில் இடித்தபோதுதான் மாமா பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை," என்றார், குரல் இறங்கிப்போய். "நாம அதே எடத்துலதான் இருக்கோம்."

பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடியே, நாலு சக்கரமும் சுற்றாமல் வழுக்கி, அந்த மனிதர் மேட்டிலிருந்து குழிக்குள் வந்து சேர்ந்திருந்தார். அவர் கதவைத் திறந்தார். சேறு உள்ளே வந்தது. கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இல்லாத சில இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொன்னார். தமிழிலும் சொன்னார். அவை எனக்குத் தெரிந்தவைதான்.

தோட்டத்து டிராக்டர் வந்து முதலில் காரை இழுத்தது. பிறகு டிராக்டர்காரர் எங்கள் வண்டியைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொக்கி எங்க சார்?" என்றார்.

"அது எக்ஸ்ட்ரா. எடுக்கல," என்றேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

அடுத்த வருடம் அந்தத் தோட்டத்துக்கு வேறு கடைக்காரர் சாமான் கொடுத்தார். அந்தச் சுதந்திர விருந்துக்குப் பாயசத்தில் சீனிக்குப் பதில் குலா மலாக்கா வெல்லம் போட்டுச் சமாளித்தார்களாம், நன்றாகவே இருந்ததாம். பிக்கப்பை மாமா விற்றுவிட்டார். அதன்பின் என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "மாப்பிள்ளை ரொம்பப் படிச்சவரு," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கேட்டவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டுவார்கள்.

அன்று மாலை சேறும் நானுமாக வீடு வந்து சேர்ந்தபோது, பெஞ்சு போடாத கோபத்தோடு இன்னும் இருந்த ராஜம் என்ன நடந்தது என்று கேட்டாள். நான் விஞ்ஞானபூர்வமாக விளக்கினேன்.

"தூரம் கொறைஞ்சிச்சி. அதனால நாங்க போறோம்னு நெனச்சேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, நீங்க போனீங்களா, காடி வந்துச்சா?" என்றாள். அவ்வளவுதான். சிரிப்பு வந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுதந்திரம் வந்தது. அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

பிறகு அது குடும்பச் சொத்தாயிற்று. பிற்பாடு வேலைக்குப் போன எனக்குச் சம்பளம் உயர்ந்த வருடம், விலைவாசி அதற்கு மேல் உயர்ந்தபோது கேட்டாள். நாடு முன்னேறுகிறது என்று வானொலியில் யாராவது முழங்கினால் வானொலியைப் பார்த்தே கேட்பாள்: "நாம போறோமா, காடி வருதா?" பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மருமகன்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த லாரியைப் பார்த்தே இராத பேத்திகூடச் சொல்கிறாள்.

சில வருடங்களுக்கு முன் தம்பின் ஸ்டேஷனில் குடும்பத்தோடு ரயிலேறி உட்கார்ந்திருந்தேன். ரயில் வெகுநேரமாகக் கிளம்பவில்லை. எல்லாரும் சலித்துப்போனார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நான் சட்டென்று நிமிர்ந்து, "அப்பாடா, ஒரு வழியா கெளம்பியாச்சி!" என்றேன்.

ராஜம் பேத்தியைப் பார்த்தாள். பேத்தி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெட்டியிலிருந்த என் ரத்த சொந்தம் மொத்தமும் ஒரே குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டது.

பக்கத்துத் தண்டவாளத்து ரயிலின் கடைசிப் பெட்டி என் ஜன்னலைக் கடந்து போயிற்று. நாங்கள் தம்பினிலேயேதான் இருந்தோம்.